நீங்கள் போகச் சொல்லவில்லை, மாமா

பிரசவ வார்டு,
கண்டி.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தாய்மாமா வீரையா அவர்களுக்கு,

மருமகள் அனுஷியா பணிவோடு எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். புசல்லாவையில் நீங்களும் அத்தையும் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். அத்தையின் முழங்கால் வலியையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கையில் போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். அழைத்துப் பேசினால், நான் மூச்சு வாங்கும் இடைவெளியில் “சரி புள்ள, ஒடம்பப் பாத்துக்க” என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். குரல் பதிவு அனுப்பினால், அதைத் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் நடுவே சத்தமாகப் போட்டு, உங்களுக்குப் பிடிக்காத இடம் வந்ததும் நிறுத்திவிடுவீர்கள். கடிதம் என்றால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆக வேண்டும். குறுக்கே பேச முடியாது.

நேற்றுப் பார்வை நேரத்தில் சொந்தபந்தங்களோடு வந்து, வார்டு வாசலில் நின்று, பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மாவிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “நான்தாம்மா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு இவள வெரட்டுனேன். டிஸ்பென்சரி அனுபவம்னா சும்மாவா?” என்று சொன்னீர்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்தீர்கள் போலிருக்கிறது. தையல் போட்டது வயிற்றில் மாமா, காதில் இல்லை. அந்த அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டீர்கள். போதாதென்று உங்கள் மகன் ரமேஸ் குடும்பக் குரூப்பில், “அப்பாவின் சமயோசித புத்தியால் தாயும் சேயும் நலம்” என்று போட்டிருக்கிறான். அதற்குக் கீழே உங்களுக்கு எத்தனை வாழ்த்து, எத்தனை பூங்கொத்து! ஒருவர் உங்கள் படத்துக்கு மாலையே போட்டிருக்கிறார், நல்ல நோக்கத்தோடுதான். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்றவள் நான். என் பெயர் அதில் “தாய்” என்று மட்டும் இருக்கிறது. அந்த நிமிடமே குரூப்பை விட்டு வெளியேறினேன்.

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும், நிரஞ்சனைப் பார்த்துக் கட்டி வைத்ததும் நீங்கள்தான். அதை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். அதனால்தான் இவ்வளவு நாளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நீங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டராக இருக்கவில்லை மாமா. மருந்து அறைச் சாவியை வைத்திருந்தீர்கள். அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தீர்கள். அவர்களும் பாவம், நீட்டினார்கள். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

எனக்கு ஏழாம் மாதம் ஆனதும் “குட்டி வருது” என்று ஒரு வட்ஸ்அப் குரூப் தொடங்கினீர்கள். காலையில் பல் விளக்குவதற்குள் உங்கள் குரல் வந்துவிடும்: “அனுஷியா, புள்ள அசஞ்சிச்சா? ரிப்போர்ட் போடு.” பிள்ளை வலப்பக்கம் உதைத்தால் ஆண் என்றார் அத்தை. மேலே உதைத்தால்தான் ஆண் என்று கட்டாரில் இருந்து ரமேஸ் சண்டை பிடித்தான். நான் பேராதெனிய பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகும்போதும் “இப்ப எப்புடி இருக்கு?” என்று கேட்டீர்கள். பஸ்ஸில் ஒருவன் முழங்கையால் இடித்ததைப் பிள்ளையின் உதை என்று நினைத்து அறிக்கை அனுப்பி, பிறகு அதைத் திருத்தவும் வேண்டியிருந்தது. நான் பிள்ளை சுமந்தேனா, வானிலை அறிக்கை வாசித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

இத்தனைக்கும் நடுவே உருப்படியாக ஒரு விஷயம் சொன்னவர் எங்கள் ஹந்தானை வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ் மட்டும்தான். “ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பழக்கம் இருக்கும் அனுஷியா. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடாதீங்க. ஒங்க பிள்ளை எப்ப துள்ளும், எப்ப தூங்கும்னு நீங்க பழகிக்கோங்க. அது வழக்கத்த விட கொறஞ்சா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீங்க. சும்மா வந்துட்டோமேன்னு வெக்கப்படவும் வேணாம்,” என்றார். அப்படியே பழகினேன். நான் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்தால் என் பிள்ளை துள்ளும். குக்கர் விசில் அடித்தால் துள்ளும். என் வீட்டுக்காரர் இவர் குளியலறையில் பாடினால் மட்டும் அடங்கிவிடும். அதன் குணம் எனக்கு அத்துப்படியாகிவிட்டது.

ஏழாம் மாதம் நடக்க வேண்டிய வளைகாப்பை, ரமேஸுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளிப் போட்டீர்கள். வெள்ளிக்கிழமை கட்டுகஸ்தோட்டை மண்டபத்தில் என்னை அம்மன் சிலை மாதிரி சோடித்து உட்கார வைத்தீர்கள். விடிந்ததிலிருந்து தலை பின்னுவதும் சாரி கட்டுவதுமாக ஆளாளுக்கு என்னைத் திருப்பிக்கொண்டிருந்ததில் நான் எதையும் கவனிக்கவில்லை. மணையில் உட்கார்ந்து, கன்னத்தில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்கும்போதுதான் திடுக்கென்றது. காலையில் சாப்பிட்ட பிறகும் பிள்ளை துள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால், அதற்கு முன்பும் துள்ளிய ஞாபகம் இல்லை. வயிறு கல்லுப் போல இருந்தது.

உங்களைக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொன்னேன். “மாமா, பிள்ளை அசையல. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

நீங்கள் சிரித்தீர்கள். “இத்தனை பேரு பாக்குறப்ப புள்ளைக்கும் வெக்கமா இருக்காதா? கடைசி மாசத்துல எடம் பத்தாது புள்ள. அசையாது. அது நல்லதுக்குத்தான்.”

“மிட்வைஃப் மிஸ் அப்படிச் சொல்லல மாமா. கடைசி வரைக்கும் அசையணும்னுதான் சொன்னாங்க.”

“அவுங்க புஸ்தகத்துல படிச்சவங்க. நான் கண்ணால பாத்தவன்.”

அத்தை பலூடா வாங்கிவரச் சொன்னார். குளிர்ச்சி உள்ளே போனால் பிள்ளை குதிக்குமாம். குடித்தேன். குதிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் கதிரைகளைச் சேர்த்துப் போட்டு, பட்டுச் சாரியோடு இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன். உடனே பெரியம்மா சின்னம்மா முறையில் யார் யாரோ வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தர் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டியே பார்த்தார். அதற்குள் உங்களுக்கு ஒரு யோசனை வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மண்டபத்துக்கு வந்திருந்த மேளகாரரையும் நாதஸ்வரக்காரரையும் என் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். “இந்தச் சத்தத்துக்கு எழும்பாத புள்ளையும் இருக்கா? அடிங்கய்யா!” என்றீர்கள்.

அவர்கள் அடித்தார்கள் மாமா. கதிரைகள் அதிர்ந்தன. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த யாருடையதோ கைக்குழந்தை வீரிட்டு அழுதது. என் காது அடைத்துப்போனது. என் வயிற்றுக்குள் மட்டும் ஒரு சின்ன அசைவும் இல்லை. எல்லாரும் குனிந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

நான் எழுந்து நின்றேன். போகிறேன் என்றேன். அப்போது நீங்கள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள். “சடங்கு நடுவுல எழும்பக் கூடாது. தலைவர் சம்சாரம் இன்னும் வளையல் போடல. அவுங்க வந்து போட்டு, ஒரு போட்டோ எடுத்ததும் போவலாம்.” தொழிற்சங்கத் தலைவரின் மனைவி நாவலப்பிட்டியில் இருந்து அப்போதுதான் புறப்பட்டிருந்தார்! இவரைத் திரும்பிப் பார்த்தேன். கையில் வீடியோ எடுத்த போனோடு நின்றுகொண்டு, “மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…” என்று இழுத்தார். அந்த மாமாவிடம்தானே இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்! நான் படியிறங்கி நடந்தேன். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், கழுத்தில் மாலை, காலில் செருப்பு இல்லை. பின்னால் மைக்கில் உங்கள் குரல் கேட்டது: “பொண்ணு கொஞ்சம் காத்து வாங்கப் போவுது. எல்லாரும் சாப்புட ஒக்காரலாம்.”

ஜும்மா தொழுகை முடிந்து தொப்பியோடு வந்துகொண்டிருந்த ஒரு ஆட்டோவை ரோட்டில் நின்று மறித்தேன். அலவத்துகொட ஊர்க்காரர் சாஹுல் ஹமீது என்று பிறகு பெயர் சொன்னார். என்னைப் பார்த்ததும், “என்ன மகள், கலியாண வீட்டால ஓடி வாறீங்களா?” என்று பதறினார். விஷயத்தைச் சொன்னதும், “ஏறுங்க மகள். ஒண்டும் யோசிக்க வாணாம், அல்லா இரிக்கான்,” என்றார். ஆட்டோ புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் ஒரு கூச்சல். பார்த்தால் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். பாலத்தடியில் வாகன நெரிசலில் நாங்கள் நின்றதால் வந்து ஏறிக்கொள்ள முடிந்தது. நெரிசல் இல்லையென்றால் உங்கள் மருமகன் கண்டி வரைக்கும் ஓடித்தான் வந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ்களும் வேன்களும் அசையவில்லை. என் வயிறும் அசையவில்லை. ஒரே ஒரு உதை கொடு கண்ணே, இனிமேல் உன்னைப் பற்றி எவனுக்கும் ரிப்போர்ட் போட மாட்டேன் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இவர் என் கையைப் பிடித்தார். வளையலில் ஒன்று உடைந்து அவர் விரலைக் கிழித்தது. அப்போதும் கையை விடவில்லை. அழுதுகொண்டிருந்தார். சாஹுல் ஹமீது ஆட்டோவை விட்டு இறங்கி, முன்னால் நின்ற பஸ் டிரைவரிடம் சிங்களத்தில் கெஞ்சி, பிறகு அதட்டி, வழி எடுத்துக்கொண்டு போனார். இறக்கிவிட்டுவிட்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போகவும் இல்லை. மாலை வரைக்கும் வாசலில் நின்று பிள்ளைக்காக அல்லாவிடம் துஆ கேட்டிருக்கிறார்.

வார்டில் நர்ஸ் மிஸ் என் கையைப் பார்த்துவிட்டு, “இது கையா, வளையல் கடையா?” என்று கேட்டார். பிரஷர் பார்க்கப் பட்டி சுற்ற இடமில்லை. இரண்டு பேர் சவர்க்காரம் போட்டு உருவி எடுத்தார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி மிஷினைப் போட்டதும் தையல் மிஷின் ஓடுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிள்ளையின் இருதயம். உயிர் இருக்கிறது! நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்து ஆள் வந்து பார்த்தார்கள். ஆனால் டொக்டரின் முகம் தெளியவில்லை. ஸ்கேன் பார்த்தார். தண்ணீர் வற்றியிருக்கிறது, துடிப்பும் சரியில்லை, உடனே எடுக்க வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்துப் பெண் அவர். கையெழுத்து வாங்கும்போது சொன்னார்: “நல்ல காலம், இண்டைக்கே வந்திட்டீங்கள். நாளைக்கு எண்டு விட்டிருந்தா என்னால ஒண்டும் சொல்லேலாமப் போயிருக்கும்.”

நாளை என்ன நாளை! தலைவர் சம்சாரம் வரும்வரை இருந்திருந்தால்? ஒரு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நான் மணையில் இருந்திருந்தால்? இதை எழுதும்போதும் அதுதான் மனதில் ஓடுகிறது. எழுத்துக் கோணலாக இருப்பது அதனால்தான்.

பெண் பிள்ளை மாமா. சின்னதாகத்தான் இருக்கிறாள். பிறந்ததும் அழவில்லையாம், கொஞ்சம் தட்டிய பிறகு அழுதிருக்கிறாள். ஒரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு நேற்றுத்தான் என் பக்கத்தில் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில்தான் நீங்கள் வந்து வாசலில் நின்று அந்தப் பேச்சைப் பேசினீர்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். குரூப்பில் உங்கள் சொந்தக் குரலில், “நான் போகச் சொல்லவில்லை, அவள்தான் போனாள்” என்று ஒரு பதிவு போட வேண்டும். மேளகாரர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் குடும்பத்தில் இன்னும் எத்தனையோ பெண்கள் பிள்ளை சுமக்கப் போகிறார்கள். அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்டு மணையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்தப் பதிவு வரும் வரைக்கும் நீங்களோ அத்தையோ ரமேஸோ ஹந்தானை வீட்டுப் படியேற வேண்டாம். முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் அழைப்பு வராது. பிள்ளையைப் பற்றி எந்த அறிக்கையும் உங்களுக்கு அனுப்பப்பட மாட்டாது. என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்கு எவருடைய யோசனையும் தேவையில்லை. இது என் முடிவான முடிவு.

அத்தையின் காலில் விழுந்து வணங்கியதாகச் சொல்லவும். தையல் ஆறியதும் நேரிலும் விழுவேன். உங்களுக்கு அம்மன் நீண்ட ஆயுளையும், கொஞ்சம் காது கேட்கும் குணத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராத மருமகள்,
அனுஷியா நிரஞ்சன்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் இதை எழுதுகிறேன். பிள்ளை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். வெகுநேரமாக அசையவே இல்லை. மூக்குக்கு நேரே விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சு வருகிறது. இவரும் வைத்துப் பார்த்தார், வருகிறது என்றார். நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிள்ளை என்றால் தூங்கத்தான் செய்யும் என்றார். மறுபடியும் கேட்டேன். இன்னொரு தரம் கூப்பிட்டால் என்னை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவாராம். ரமேஸ் பிறந்தபோது இப்படித்தான் தூங்கினானா என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். கடிதம் புசல்லாவைக்கு வந்து சேர்ந்து பதில் வருவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே இதைக் கையில் கொடுத்து இவரைப் பஸ் ஏற்றி அனுப்புகிறேன். வாசித்து முடித்ததும் முதல் வேலையாக என்னைக் குரூப்பில் சேர்த்துவிடுங்கள். இரண்டாவது வேலையாக, அத்தையைக் கூட்டிக்கொண்டு இவரோடேயே புறப்பட்டு வாங்க மாமா.