ஓட்டையை அடைக்காத பொறுப்பாளர்

அன்புள்ள சின்ன மாமாவுக்கு,

அத்தையும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு உடம்பு சுகம்; மனசுதான் மூன்று வாரமாகச் சந்தேகத்தில் கிடக்கிறது. படித்ததும் கிழித்துவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். வீட்டின் முதல் பட்டதாரி நான் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குள் போகிற, வருகிற தகவலையெல்லாம் ஒரு மென்பொருள் வேவு பார்த்துப் பதிவு செய்யும். அந்தப் பதிவுகளைத் திறந்து, எங்கே கோளாறு என்று சொல்வது என் வேலை. வேலை நிரந்தரமா இல்லையா என்பது இந்த வெள்ளிக்கிழமை தெரியும். இந்த நேரம் பார்த்து, கிளை அலுவலகத்துப் பதிவைத் திறந்தால் மட்டும் மென்பொருள் பொத்தென்று விழுகிறது. மூன்று தடவை. மூன்று தடவையும் பக்கத்து நாற்காலி சீனியர் டீ குடிக்க எழுந்து போயிருந்தார், மாமா. எதையாவது மறைக்கும்போது இருமுவார் என்பதால் அவருக்கு ‘இருமல்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். திரும்பி வந்து, “என்னம்மா, படுத்துடுச்சா?” என்றார். இவருக்கு எப்படித் தெரியும்? நான் அழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன், வாஸ்தவம்தான். ஆனால் நான் எப்போதுமே அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று மென்பொருள்காரர்களின் அறிவிப்பைத் தேடிப் படித்தேன். மென்பொருளிலேயே ஓட்டை இருக்கிறதாம். யாராவது வேண்டுமென்றே கோணல்மாணலாக ஒரு பதிவைத் தயாரித்து அனுப்பினால், திறந்ததும் மென்பொருள் விழும். கெட்ட நேரமென்றால் அனுப்பியவன் உள்ளேயே நுழைந்துவிடலாம். காவலாளியின் சட்டைப்பையிலேயே திருடனுக்குச் சாவி. ஓட்டையை அடைத்த புதுப்பதிப்பு வந்து இரண்டு மாதமாகிறது. அதைப் போட வேண்டியவர் அந்தந்த அலுவலகத்தில் இந்த மென்பொருளுக்குப் பொறுப்பாளராம். எங்கள் பொறுப்பாளர் போடவேயில்லை. யாருக்காகத் திறந்து வைத்திருக்கிறார்? இருமலிடம் ஜாடையாக, “பொறுப்பாளர் யாரு சார்?” என்று கேட்டேன். “ஏம்மா, அத என்கிட்ட கேக்கறே?” என்று இருமினார். வரவேற்பு மேசை அக்காவிடம் கேட்டால், “போடி, விளையாடாத” என்று சிரித்தாள். எல்லாரும் கூட்டு, மாமா. எனக்கு நேரில் பேச வராது, எழுத வரும். ‘கண்ணிருந்தும் குருடாக இருக்கும் இந்தப் பொறுப்பாளரை உடனே வேலையைவிட்டு நீக்க வேண்டும்’ என்று இரண்டு பக்கம் எழுதி, என் பெயரும் போட்டு மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வந்த கையோடு உங்களுக்கு எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம், சின்னவனுக்கு ஒரு முத்தம். என் துணிச்சலுக்காக நீங்களாவது சந்தோஷப்படுங்கள்.

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மேனேஜர் கூப்பிட்டார். “பொறுப்பாளர் நீதாம்மா. சேர்ந்த அன்னிக்கே சொன்னேனே, தலையாட்டினியே.” தலையாட்டியது நினைவிருக்கிறது, மாமா, அவர் சொன்னது காதில் விழவில்லை, திரும்பக் கேட்கக் கூச்சம். ஓடிப்போய்ப் புதுப்பதிப்பைப் போட்டேன். பதிவு சமர்த்தாகத் திறந்தது. கிளையில் தகவலைக் கடத்துகிற ஒரு பழைய பெட்டி பழுதாகிப் பதிவைக் கோணலாக எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். மேனேஜர் என் புகாரை என்னிடமே நீட்டி, “பொறுப்பாளர் மேல வந்த புகார். பொறுப்பாளரே விசாரிச்சு, அந்தப் பொண்ண வெச்சுக்கலாமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு” என்றார். ‘இனி ஒழுங்காக இருப்பாள், ஒரு வாய்ப்புத் தரலாம்’ என்று எழுதிவிட்டேன். அவளை நம்பலாமா என்றுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.