முதல் கியரில் வாடிப்பட்டி

கைத்தொழில் தெரிந்தவன் கெட்டுப்போக மாட்டான் என்பார்கள். அரைகுறையாகத் தெரிந்தவன் என்ன ஆவான் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. பத்து வருடம் கழித்து அதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது என்னிடம் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் இருந்தது. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். எப்போது எந்தக் கியர் என்று முடிவுசெய்கிற மின்னணுப் பெட்டி ஒருநாள் உயிரை விட்டது. அதன்பின் எந்நேரமும் மூன்றாவது கியர்தான். மேடு வந்தால் கார் முனகும், நானும் சேர்ந்து முனகுவேன். அந்தப் பெட்டி இப்போது எங்கேயும் கிடைக்காது என்று கைவிரித்த ஆரப்பாளையம் மெக்கானிக், "அண்ணே, மனசத் தேத்திக்கிட்டு எடைக்குப் போட்ருங்க" என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். (படித்தது உண்மை. தேறியது தனிக்கதை.) கியர்பெட்டிக்குள் இரண்டு மின்வால்வுகள், எதற்குக் கரண்ட் போகிறதோ அதற்கேற்பக் கியர் மாறும், இம்புட்டுதானே என்று வீட்டிலேயே ஒரு கண்ட்ரோலர் செய்ய உட்கார்ந்தேன். உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு. அதை வைக்க, மனைவி செல்வியின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஸ்டியரிங் பக்கத்தில் இரண்டு காலிங்பெல் சுவிட்சுகள். வலதை அமுக்கினால் கியர் ஏறும், இடதை அமுக்கினால் இறங்கும். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வேலை செய்தது. வினையே அதுதான்.

அடுத்த வாரம் வாடிப்பட்டியில் தங்கை ராணியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். ராணியோடு பிறந்தவன் நான் ஒருவன்தான். நான் போய்ச் சேராவிட்டால் அந்த மடி சித்தப்பா மகன் முருகேசனுடையது என்பதும், எதற்கும் இருக்கட்டும் என்று அவன் பட்டு வேட்டி எடுத்திருக்கிறான் என்பதும் ஊருக்கே தெரியும். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது.

"பஸ்ஸுல போயிருவோமேங்க" என்றாள் செல்வி.

"சீர்த்தட்டத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயா போவாக?" என்றேன். (சீர்த்தட்டாவது ஒன்றாவது. தங்கையின் மாமியார் வீட்டாருக்கு என் டிபன் பாக்ஸைக் காட்ட வேண்டும். உள்ளே விளக்குகள் மினுங்குவது தெரிய, மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன்.)

காலை ஒன்பது மணி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. செல்வி ஸ்டியரிங்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். இதையெல்லாம் கேலி பேசுகிற ஆள்தான் நான். அன்றைக்கு நாக்கில் சனி. "பெத்த பிள்ள மாதிரி செஞ்சிருக்கேன், இதுக்கும் ஒண்ணு வையி" என்று போர்டைக் காட்டினேன். பன்னீரில் குழைத்த சந்தனத்தைப் பிள்ளைக்கு வைப்பதுபோலவே தாராளமாக வைத்தாள்.

விளாங்குடிவரை கார் தேர்போல ஓடியது. பரவை தாண்டியதும் திடீரென்று கதறிக்கொண்டு முதல் கியருக்கு இறங்கியது. வலது சுவிட்சை அமுக்கினேன். ஏறியது. ஏறிய சூட்டோடு இறங்கியது. மறுபடி அமுக்கினேன், மறுபடி இறங்கியது. இருபதுக்கு மேல் போனால் இன்ஜின் போட்ட சத்தத்தில் வயலில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன.

கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்தில் வந்தது. டிரைவர் குனிந்து பார்த்தார். "என்ன சார், வண்டி ஓட்டப் பழகுறீகளா?"

"இல்லண்ணே" என்றாள் செல்வி. "வண்டி செய்யப் பழகுறாக."

டிராக்டர் எங்களை முந்திப் போனது.

"ஏங்க, பின்னால பஸ் வருது. கைகாட்டி ஏறிக்கிருவோம்."

"அஞ்சு நிமிசம். சரியாகிரும்."

அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று பஸ்கள் போய்விட்டன. அப்போது ராணியின் போன்.

"அண்ணே, எங்க வாரீக?"

"இந்தா, வந்துட்டேன்."

"சமயநல்லூர் தாண்டியாச்சா?"

சமயநல்லூர் தூரத்தில் தெரிந்தது. "கிட்டத்தட்ட."

"முருகேசண்ணே சம்மணம் போட்டு உக்காந்தாச்சு. எனக்கு ஒங்க மடிதாண்ணே வேணும்." குரல் உடைந்திருந்தது. எனக்கு ஸ்டியரிங்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வாடிப்பட்டி மண்டப வாசலை நெருங்கும்போது மணி பதினொன்று. அந்த இடத்தில், நப்பாசையில் வலது சுவிட்சை அமுக்கியதும், கார் நல்லபிள்ளையாக இரண்டாவது கியருக்கு ஏறி, இறங்காமல் நின்றது. டிபன் பாக்ஸைக் குனிந்து பார்த்தேன். சந்தனம் வெயிலில் காய்ந்து உதிர்ந்திருந்தது. ஈரமாக வழிந்தபோது இடது சுவிட்சின் இரண்டு கம்பிகளையும் ஒட்டவைத்துவிட்டது போலும். யாரோ 'இறக்கு, இறக்கு' என்று விடாமல் அமுக்குவதாக நினைத்து, பாவம், போர்டு சொன்னபடி கேட்டிருக்கிறது.

உள்ளே முருகேசன் மடியில் குழந்தை விசும்பிக்கொண்டிருந்தாள். இடது காதில் கம்மல். வலது காது வெறுமையாக இருந்தது. நல்ல நேரத்துக்கு ஒரு காது போதும், இன்னொன்று எங்கண்ணன் வந்தால்தான் என்று ராணி ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். பட்டு வேட்டி எழுந்தது. நான் உட்கார்ந்தேன். ஒருமுறை வலி கண்ட பிள்ளை இரண்டாம் முறை சும்மா இருப்பாளா? உதைத்தாள், திமிறினாள், என் கன்னத்தைக் கீறினாள். ஆசாரியின் கை ஒரு நூலளவு நழுவிவிட்டது.

தவறு சந்தனத்தின்மேல் என்று மறுநாள் நிரூபித்துக் காட்டினேன். "சாமி காரியத்தக் குத்தம் சொல்லாதீக" என்று செல்வி டிபன் பாக்ஸைத் திரும்ப வாங்கிக் கழுவி வைத்துவிட்டாள்.

மருமகளுக்கு இப்போது பதினொரு வயது. சென்ற பொங்கலுக்கு ஜிமிக்கி வாங்கிக் கொடுத்தேன். கடையிலேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். வலது ஜிமிக்கி கொஞ்சம் தாழ்ந்து தொங்குவதாகக் கடைக்காரப் பெண் சொன்னாள்.

"அது அப்டித்தாங்க்கா இருக்கும்" என்றாள் மருமகள். "இடது முருகேசன் மாமா. வலது ஃபர்ஸ்ட் கியரு."