மச்சான் உபதேசியார்

எழுபதுகளின் நடுவில், தல்லாகுளத்தை ஒட்டிய எங்கள் சபைக்கு நான் செயலர். முதுகலைப் பட்டதாரி, கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவர். நான் எழுதிய ஒரு வரியைப் பாதிரியாரும் திருத்தத் துணிந்ததில்லை. அப்படிப்பட்டவனின் மானத்தை ஒரே சொல்லால் கப்பலேற்றியவர் மச்சான் உபதேசியார். வேதம் வாசிப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டு, வேதத்தின் ஒரு சொல்லை மட்டும் வாயால் சொல்ல மறுத்த உபதேசியார் உலகத் திருச்சபையில் வேறு எவரும் இருந்திருக்க முடியாது.

அந்தச் சொல் 'புறஜாதியார்'. நம் மார்க்கத்துக்கு வெளியே உள்ளவர்களைப் பழைய வேதத் தமிழ் அப்படித்தான் அழைக்கும். அது வரும் இடத்திலெல்லாம் அவர் 'மாமன் மச்சான்மார்' என்று வாசிப்பார். குரலில் சிறு தடுமாற்றமும் இராது.

கண்டித்தேன்.

"அண்ணே," என்றார். சபையில் என்னை 'ஐயா' என்று அழைக்காதவர் அவர் ஒருவரே. "எங்காத்தா கூடப் பொறந்தவுக அம்புட்டுப் பேரும் உசிலம்பட்டியில சாமி கும்புடுறவுக. மைக்குல புறஜாதின்னு சொல்லிப்புட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக எலையில போயி உக்காருவேன்?"

"சகோதரர் என்று வாசிக்க வேண்டியதுதானே?"

"பங்காளின்னா சொத்துக்கு அடிதடி வருமேண்ணே. மாமன் மச்சான்னாத்தான் விருந்து."

சித்திரையில், மலையிறங்கி வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையன்று, எங்கள் ஆலயத்து நாற்காலிகள் அனைத்தும் தெருவில் கிடந்தன. வேடமிட்ட பக்தர் ஒருவர் எங்கள் பாடகர் குழுவின் நாற்காலியில் சாய்ந்து மோர் குடிக்க, உபதேசியார் விசிறிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு எடுத்தீர்?"

"அழகரு தங்கச்சி கல்யாணத்துக்கு நடந்து வந்த கூட்டம்ணே. கால் வலிக்கும்ல?"

பேராயர் வருகை தந்த ஞாயிறன்று, "இன்று ஒருநாள் உள்ளபடி வாசியும்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். பணிவாகத் தலையாட்டினார். பின் மேடையேறி, தேவன் மாமன் மச்சான்மார் மேலும் பட்சபாதமின்றித் தம் ஆவியைப் பொழிந்தார் என்று முழங்கினார். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. பேராயர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தையே மூடிக்கொண்டேன்.

கமிட்டி கூடியது. அடுத்த ஞாயிறு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். இல்லையேல் வேலையும் போகும், வளாகத்து வீடும் போகும். பொருளாளர் எழுந்தார். உசிலம்பட்டிக்காரர் எவர் கண்ணில் பட்டாலும் "வாங்க மச்சான்" என்று கடைக்குள் இழுத்து வேட்டி விற்கும் பக்திமான் அவர்.

"ஏய்யா, உம்ம மச்சான்மாரெல்லாம் பரலோகம் போவாகளா?"

"அது வீட்டுக்காரர் பாடுய்யா. நான் வாசல்ல நிக்கிறவன். வாங்கன்னு சொல்றதுதான் என் சோலி. யாரை உள்ள விடணும்னு அவருக்கு நான் பாடம் நடத்தவா?"

பதில் தெரியாதவர்கள் அனைவரும் கையை உயர்த்தினார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஞாயிறு வரை அவர் காத்திருக்கவில்லை. "வாரேண்ணே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் திருநீறு பூசி மதம் மாறிவிட்டார் என்று அந்தப் பக்திமான்கள் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். பொய். ஆனையூரில் குடியேறி, சாகும்வரை ஞாயிறுதோறும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் வரிசைக்குரிய செயலர் அந்த பெஞ்சுக்கு மாறிக்கொண்டது ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல்தான் என்றும் சொல்கிறார்கள். அதுவும் தவறு. என் காதுகளில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை.