பாட்டு நடுவில் நிற்கும் இடம்

மின்தடைப் புகார் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவன் வீட்டில் பாட்டு செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அதனால் அவன் செய்தான். புகார் பிரிவில் இளநிலை உதவியாளன். மேசையை எந்நேரமும் விரலால் தட்டிக்கொண்டிருப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு டமாரம் என்று பெயர்.

அவன் அறை என்பது அக்காவின் துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள இடம். அங்கே ஒரு பழைய கணினி, ஒரு ஹெட்போன். அவன் பாட்டில் வரிகள் கிடையாது, பாடுகிறவரும் கிடையாது. தாளத்தின்மேல் தாளம், கீழே அடிவயிற்றைக் கலக்கும் கனத்த பேஸ் ஒலி. பாதி வழியில் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். ஒரு பெருமூச்சு விடும் நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

அந்த அமைதிதான் அவனுக்கு உறுத்தல். கேட்கிறவனை அது பிடித்து நிறுத்துமா, இல்லை பாட்டு அறுந்துபோயிற்று என்று எழுந்து போய்விடுவானா? புதியவர்களின் இசையை வெளியிடும் நிறுவனம் ஒன்று ஆளுக்கு ஒரு பாட்டுதான் வாங்கும். மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று விட்டால் விட்டதுதான். அதற்குள் யாராவது ஒருவர் அந்த இடத்தைப் பற்றி உண்மையைச் சொன்னால் போதும்.

அம்மா ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு, நீதான் இளைச்சுட்டே என்றாள். அக்கா, மிக்ஸிக்கு என்ன ஆச்சு என்றாள். நண்பர்களுக்கு அனுப்பினான். பாட்டு முழுதாகப் போய்ச் சேர்வதற்குள் 'வேற லெவல் மச்சி' என்று பதில் வந்து சேர்ந்தது. இணையத்தில் இசை செய்பவர்கள் கூடும் குழு ஒன்று உண்டு. அங்கே பிறர் பாட்டுக்குக் கருத்துச் சொன்னால்தான் நம் பாட்டுக்குக் கருத்துக் கிடைக்கும். எனவே எல்லோரும் எல்லோருக்கும் 'பேஸ் இன்னும் கொஞ்சம் தூக்கலாம்' என்று எழுதிவிட்டு, தங்களுக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்க ஓடினார்கள். அவனும் அப்படித்தான் எழுதினான், ஓடினான்.

கடைசியில் அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டான். நடுவில் வரும் அமைதி பற்றிக் கருத்துச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொண்டான்.

யாரும் வாய் திறக்கவில்லை. மேலதிகாரிக்கு முன்னால் கருத்து வைத்திருப்பது அங்கே ஒழுங்கீனம். மறுநாள் காலை தலைமைப் பொறியாளர் காரிலிருந்து இறங்கிக்கொண்டே, குழுவில் கிடந்த விடுப்புச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டமாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர் படியேறுவதற்குள் குழு முழுதும் கட்டைவிரல்.

மேலதிகாரியின் கட்டைவிரல் ஒப்புதலுக்குச் சமம். ஒப்புதல் கிடைத்ததைச் செயல்படுத்தாமல் வைத்திருப்பது கடமை தவறுதல். பிரிவுத் தலைவி அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இத எப்ப அமல்படுத்தறதா இருக்கே?"

"மேடம், இது பாட்டு. கருத்துத்தான் கேட்டேன்."

"அதான் வந்தாச்சே. இதுக்கு மேல கேட்டா, ஐயா சொன்னது பத்தலன்னு ஆயிடும்."

"நடுவுல வர்ற அமைதி எப்படி இருக்குன்னு நீங்களாவது..."

"நான் இன்னும் கேக்கலப்பா. ஒப்புதல் ஆனதப் போய்க் கேட்டா, சந்தேகப்படற மாதிரி இருக்காதா?"

ஆகவே நீண்ட ஆலோசனைக்குப் பின், பொதுநலன் கருதி, புகார் எண்ணை அழைப்பவர்கள் 'இணைப்பில் காத்திருக்கவும்' என்ற குரலுக்கு அப்புறம் கேட்கும் இசையாக அது அமலுக்கு வந்தது. அவனுக்கும் உள்ளுக்குள் குளிரத்தான் செய்தது. ஊரே கேட்கப் போகிறது, ஒருவராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா?

சொன்னார்கள். ஆனால் பதிவாகும் புகார்தான் குறைந்துகொண்டே வந்தது. காரணம் தெரியாமல் பயந்துபோன பிரிவுத் தலைவி, அழைப்புகளைப் பதிவுசெய்யும் இயந்திரத்தைப் போட்டுக் கேட்டார். அழைத்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பாட்டு நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று உடனே ஹலோ சார், வணக்கம் சார், காலைலேர்ந்து கரண்ட் இல்ல சார், குழந்தைக்குக் காய்ச்சல் சார் என்று மடமடவென்று சொல்லிவிட்டு, நன்றி கூறி வைத்துவிட்டார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. எரிந்து விழவில்லை. வேறு எண்ணைக் கூப்பிடச் சொல்லவில்லை. அந்த அலுவலகம் பொதுமக்களிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டது அதுவே முதல் தடவை.

அப்போதுதான் அமைதியைப் பற்றி அவனுக்கு முதல் கருத்துக் கிடைத்தது, அலுவலக முத்திரையோடு. வயதானவர்கள் சொல்லி முடிப்பதற்குள் இசை குறுக்கிடுவதாகத் தெரியவருவதால், அமைதியின் அளவை உடனே நீட்டிக்க வேண்டியது. நீட்டித்தான். தொலைபேசி எடுக்கும் ஊழியர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். சிறந்த மக்கள் சேவைக்கான கேடயம் வந்தது. தலைமைப் பொறியாளர் அதை வாங்கிக்கொண்டார்.

டமாரத்துக்கு மட்டும் ஆறவில்லை. ஜனங்களுக்கு அது பாட்டு என்றே தெரியாதே. தெரிந்த ஒருவன் அந்த இடத்தில் நிற்பானா?

மாதத்தின் கடைசி நாள் விடுப்பு எடுத்து வீட்டில் உட்கார்ந்தான். வெட்டிவிடலாமா, வைக்கலாமா என்று மதியம்வரை குழம்பினான். ஏதோ ஒன்று என்று அனுப்பப் போன நேரத்தில் கணினி அணைந்தது. தலைக்குமேல் மின்விசிறி மெல்லமெல்ல நின்றது.

அலுவலக ஊழியரே ஆனாலும் புகார் அந்த எண்ணில்தான் கொடுக்க வேண்டும். அழைத்தான். அவன் பாட்டு வந்தது. எந்த இடத்தில் நிற்கும் என்று அவன் விரல் நுனிக்கே தெரியும். தட்டிக்கொண்டே கேட்டான்.

பாட்டு நின்றது. அவன் எழுந்து நின்றான்.

"ஹலோ சார், வணக்கம் சார். நம்ம ஆபீஸ் ஸ்டாஃப்தான் சார். இன்னைக்குக் கடைசி நாள் சார், ஒரு பாட்டு அனுப்பணும். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க சார்."

பேஸ் வந்து காதில் இறங்கியது.

அக்கா கேட்டாள்: "என்னடா, எடுத்தாங்களா?"

"இல்லக்கா." அவன் முகம் மலர்ந்திருந்தது. "அந்த இடம் நல்லாத்தான் இருக்கு. வெட்ட வேணாம்."

"குடு இப்படி. உனக்குப் பேசத் தெரியாது."

அவள் வாங்கிக் காதில் வைத்துக் காத்திருந்தாள். பிறகு இனிமையான குரலில் தெருப் பெயர், வீட்டு எண், தம்பியின் எதிர்காலம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேட்டாள்.

"வேலைய ஆரம்பிச்சுட்டாங்கடா. சுத்தியல் சத்தம் கேக்குது."

நின்ற மின்விசிறிக்குக் கீழே அவளுக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டான்.