வேஸ்ட் ரூமில் சிக்கிய எதிரி

உளவாளிக்கு மூளை வேண்டும் என்பார்கள். பத்து வயதில் எனக்கு இருந்ததெல்லாம் அப்பாவின் பழைய கறுப்புக் கண்ணாடி மட்டும்தான். (அதிலும் ஒரு பக்கம் காது உடைந்தது.)

வேலம்பாளையம் டூரிங் கொட்டகைக்குச் சிறுவர் உளவாளிகள் படம் ஒன்று வந்தது. நாட்டின் ரகசியத்தைத் திருட வந்த எதிரியை என் வயதுப் பொடிசுகள் ஓர் அறைக்குள் அடைத்துப் பிடிக்கிற கதை. தரை டிக்கெட்டில் பார்த்துவிட்டு வீடு வருவதற்குள் நானும் தம்பி செல்வனும் நாட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டோம். நாட்டின் ரகசியம் எங்கே இருந்ததோ, எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவின் பனியன் கம்பெனி இருந்தது. அது போதாதா?

வீட்டிலோ சரசு அக்காவின் கல்யாணம் ஒன்றுதான் கவலை. இரண்டு இடம் கூடி வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக மூலனூரில் ஓர் இடம். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் போனால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று பேசிக்கொண்டார்கள். உளவாளிகள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மத்தியானம் எதிரி வந்துவிட்டார். (கொங்கு நாட்டில் எதிரிக்கும் மரியாதை உண்டு.) எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாக்கில் சுற்றிய நீளமான கட்டு.

"துப்பாக்கிடா!" என்றேன். தம்பிக்கு அப்போதே ஒன்றுக்கு வந்துவிட்டது.

கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி நான் அருகில் போனேன். அவரே பேச்சுக் கொடுத்தார்.

"ஏங்கண்ணு, அந்த ஊட்டுல சரசுன்னு ஒரு பொண்ணு இருக்குதாமா? நல்ல கொணமா?"

எதிரியிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது படத்தில் கற்ற பாடம். "அதுங்களா! பொசுக்குனு கோவம் வந்துருமுங்க. எந்நேரமும் கத்திரிக்கோலும் கையுமாத்தான் திரியும். போன மாசம் மேஸ்திரியவே தொரத்துச்சுங்க."

அவருக்கு டீ இறங்கவில்லை. "நெசமாவா?"

"நீங்களே பாருங்க. அந்த ரூமுக்குள்ள ஒளிஞ்சு நின்னா சன்னல்ல தெரியுமுங்க."

அது பனியன் வெட்டிய வேஸ்ட் துணியைக் கொட்டி வைக்கும் அறை. அவர் கட்டோடு உள்ளே நுழைந்ததும் செல்வன் வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

"எதிரியப் புடிச்சுட்டோம்!" என்று நான் போட்ட கூச்சலில் கம்பெனியே ஓடிவந்தது. முதலில் வந்து கதவைத் திறந்தவள் அக்கா. கட்டிங் மேஜையிலிருந்து அப்படியே வந்ததால் கையில் பெரிய கத்திரிக்கோல். தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்ட நின்றவர் அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். சாக்கு அவிழ்ந்து அக்காவின் காலடியில் முருங்கைக்காய் கொட்டியது.

"நான்... மூலனூருங்க," என்றார். "பொண்ணப் பத்தி விசாரிக்கலாம்னு..."

இந்த வேலைக்கு மாமனையோ சித்தப்பனையோ அனுப்புவதுதான் வழக்கம். யாரையும் நம்பாமல் மாப்பிள்ளையே கமுக்கமாக வந்திருக்கிறார்.

"மானம் போச்சே!" என்று அப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். வலியைவிடப் பயம்தான் அதிகம். அக்காவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதேவிட்டேன்.

அக்கா அவருடைய மீசையைப் பார்த்தாள். அடக்கிப் பார்த்து முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். தூக்கிய கையை இறக்காமலே அவரும் சிரித்தார்.

"புள்ளய உடுங்க மாமா. திருட்டுத்தனமா வந்தது நாந்தானுங்களே."

மாமா! அப்பாவின் பிடி தானாகவே தளர்ந்தது. அம்மா அவசர அவசரமாக முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டு சாம்பார் வைக்க ஓடினாள்.

இன்றைக்கும் அக்கா சமையலறையிலிருந்து "ஏனுங்க!" என்று குரலை உயர்த்தினால் போதும், பேரன் பேத்திகள் முன்னால் மச்சான் இரண்டு கையையும் தூக்கிவிடுவார். வீடே சிரிக்கும். அப்புறம் என் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விடுவார்.

"நீ சரியான தகவல்தான் குடுத்தே கண்ணு. நாந்தான் நம்பாம உட்டுட்டேன்."