ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இடித்த இடி

டீச்சர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வகுப்பறைக்கு வெளியிலும் பாடம் எடுப்போம். எனக்கு அது முற்றிப்போய், ஒருநாள் மாமியாரையே மாணவியாக்கிவிட்டேன்.

கல்யாணமாகி ஐந்து மாதம். போளூரில் ஏழாம் வகுப்புக்கு அப்போதுதான் பாடம் எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஜவ்வாது மலையில் நாத்தனார் குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம். கணவரின் புது ஸ்கூட்டரில் அத்தையைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டிப்போனேன். (அத்தைக்கு மூட்டு வலி. பஸ் படி ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும்.)

மலையில் ஓர் ஓடையின் தரைப்பாலம். அதன்மேல் பாதம்கூட முழுகாத தெளிந்த தண்ணீர். நல்ல வெயில். பாதிப் பாலத்தில் போகும்போது தூரத்து முகட்டில் மின்னல் வெட்டியது. வண்டியை நிறுத்தினேன்.

“இன்னாத்துக்குடி நிறுத்தன?”

“இருங்க அத்தை. மின்னல்லேர்ந்து இடி வரைக்கும் எண்ணினா, மழை எவ்ளோ தூரத்துல இருக்குதுன்னு சொல்லிடலாம்.”

இருபத்தேழு எண்ணியதும் இடித்தது. மூன்றால் வகுத்தேன். “ஒம்போது கிலோமீட்டர்! இங்க ஒரு சொட்டு விழாது.”

(கணக்கு சரிதான். கடைசிவரை ஒரு சொட்டுக்கூட விழவில்லை.)

அத்தைக்கும் ஆசை வந்துவிட்டது. “இன்னொருவாட்டி எண்ணு, பாப்போம்” என்று வண்டியை விட்டு இறங்கினார். நானும் ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கினேன். அடுத்த மின்னல் வெட்டியது. எண்ணத் தொடங்கினேன். அதற்குள் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. சருகுகள் மிதந்து வந்தன, ஒவ்வொன்றின் மேலும் கொத்தாக எறும்புகள். அடடே, இவை எங்கிருந்து வருகின்றன? குனிந்து பார்த்தேன்.

எதிர்மேட்டில் மாடு ஓட்டி வந்த ஒருவர் துண்டை வீசிக் கத்தினார். “யம்மா! மேல ஏறுங்க! தண்ணி வர்து!”

“இருங்கண்ணா, எண்ணினு இருக்கேன்!”

பதினொன்றில் ஜல்லி லாரியைக் கவிழ்த்தது போல் ஒரு சத்தம். அது இடி இல்லை. ஓடையின் வளைவில், முறிந்த மரங்களைத் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் சுவராகத் திரும்பியது. ஓடவேண்டிய நான், வெள்ளம் இப்படித்தான் வருமா என்று வாய்பிளந்து நின்றேன்.

யாரோ என் சடையைப் பிடித்து இழுத்தார்கள். அத்தை!

“எண்ணது போதும், வாடி!”

மூட்டு வலிக்கார அத்தை என்னைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினார். மாட்டுக்காரர் கைகொடுத்து மேலே தூக்கினார். திரும்பிப் பார்த்தால் பாலத்தையும் காணோம், ஸ்கூட்டரையும் காணோம்.

அங்கே பெய்த மழை ஓடை வழியாக இங்கே இறங்கி வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. (அதுவும் ஏழாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. இன்னும் நடத்தியிருக்கவில்லை.)

அத்தை மூச்சு வாங்கியபடி கேட்டார்: “எம்புள்ள வண்டி எங்க கீது இப்போ? அதையும் மூணால வகுத்துச் சொல்லு.”

மறுநாள் கோயிலில் நான் நாத்தனாரின் புடவையிலும் அவர் கணவரின் செருப்பிலும் நின்றேன். வண்டி இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது, மணலுக்கு வெளியே கைப்பிடி மட்டும் நீட்டிக்கொண்டு.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் அத்தை இதைச் சொல்லாமல் பந்தி முடியாது. முதலில் இடுப்பளவு இருந்த வெள்ளம், ஒரு நிச்சயதார்த்தத்தில் ஆள் உயரமாயிற்று. போன மாதக் கல்யாணத்தில் தென்னைமரத்தைத் தொட்டுவிட்டது.

“நீயும்தான பாத்த, சொல்லு” என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

“ஆமாங்க அத்தை, அதுக்கும் மேலயே இருக்கும்” என்றேன்.