நாற்பது நாள் குடம்

காலை ஆறு மணிக்கே வரிசை தபாலாபீஸைத் தாண்டிவிடும். நிற்பவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்கு வேடிக்கை. வரிசையின் மறுமுனையில், பழைய மரக்கிடங்குக்குள் போட்ட மேடையில், காய்ச்சல் விழுங்கியார் உட்கார்ந்திருப்பார்.

முன்பு மருந்துக்கடையில் எட்டு வருஷம் பொட்டலம் கட்டியவர். மாத்திரை தின்றாலும் தின்னாவிட்டாலும் இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்தாம் நாள் தானாக இறங்குகிறது என்பதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றே கவனித்துவிட்டார். வேறு யாராவது கவனித்திருந்தால் சும்மா இருந்திருப்பார்கள். இவர் தொழில் தொடங்கினார்.

வைத்தியம் எளிமையானது. நோயாளியின் நெற்றியில் கை வைப்பார். வெள்ளிக் கெண்டியிலிருந்து ஒரு வாய் மந்திரத் தண்ணீர் எடுத்து, வாயை மூடியபடியே ஒரு நிமிஷம் உறுமுவார். நோயாளி கொண்டுவந்த குடத்துத் தண்ணீரில் அதைத் துப்புவார். உடனே சீடர் தெர்மாமீட்டரை ஐயாவின் வாயில் செருகுவார். நூற்று மூன்று. உங்கள் காய்ச்சல் இப்போது ஐயாவிடம் போய்விட்டது என்பார் சீடர். கூட்டம் கண் கலங்கும்.

நிபந்தனைகள் உண்டு. காய்ச்சல் வந்த நான்காம் நாள்தான் வர வேண்டும். (மறுநாள் ஐந்தாம் நாள். கணக்கில் ஐயா கெட்டிக்காரர்.) ஒரு நாளைக்கு நூறு டோக்கன். வீட்டுக்கு ஒரு குடம். அது கட்டிலுக்கு அடியில் நாற்பது நாள் இருக்க வேண்டும். மூடக் கூடாது, கொட்டக் கூடாது, உள்ளே பார்க்கக் கூடாது. முதல் ஏழு நாள் நோயாளி குடத்தைவிட்டுப் பிரியவும் கூடாது. அதே வீட்டில் இன்னொருவருக்குக் காய்ச்சல் வந்தால்? யாரோ உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதே குடத்தோடு மறுபடி டோக்கன். சரக்கிலும் பழுதில்லை, கடைக்காரரிடமும் தப்பில்லை, வாங்கினவன்தான் குற்றவாளி. இப்படியொரு வியாபாரம் கடைத்தெருவில் எவனுக்கு வாய்க்கும்?

அதே நகரத்தில் சுகாதாரத் துறை இயக்குநர் ஒருத்தியும் இருந்தாள். ஓய்வு பெற இரண்டு மாதம் பாக்கி. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு எண்ணும் வேலையில் சேர்ந்தவள். இரண்டு நாய் கடித்தது, இருநூறு கதவு முகத்தில் அறைந்தது. ஒருமுறை நகரமே வாந்திபேதியில் விழுந்தபோது, நோய் கண்ட வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போய், ஒரே ஒரு உடைந்த குழாயில் போய் நின்றாள். குழாயை அடைத்தாள், நோய் நின்றது. யாரும் நன்றி சொல்லவில்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்வார்கள்? தெருவில் அவளுக்குப் பெயர் 'புழுவம்மா'. இயக்குநரான பிறகும் கைப்பையில் டார்ச் இருந்தது. கொசுவைப் பற்றி அவள் நடத்திய கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள், அதில் நான்கு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

விழுங்கியாரின் பெருமையை ஊரெல்லாம் பரப்பியது வேறு யாருமில்லை, அவளுடைய தம்பிதான். செருப்புக்கடை வைத்திருந்தான். மூன்று வாரத்துக்கு முன் அவன் மனைவிக்குக் காய்ச்சல் 'விழுங்கப்பட்டது'. அன்றிலிருந்து செருப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஐயாவின் புகழ் இலவச இணைப்பு. இப்போது அவனுடைய பதினொரு வயது மகளுக்கும் காய்ச்சல். நான்காம் நாள் அதே குடத்தோடு போனான். ஐயா துப்பினார். ஐந்தாம் நாள் காய்ச்சல் போயே போய்விட்டது.

அன்று மத்தியானம் அக்கா வந்து பார்த்தாள். தம்பி மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்று முறை வாந்தி.

"காய்ச்சல் போயிடுச்சுக்கா. தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கா."

"அதான்டா பயமா இருக்கு. இந்தக் காய்ச்சல் ஏறும்போது கொல்லாது, இறங்கும்போதுதான் கொல்லும். ஆட்டோவைக் கூப்பிடு."

தம்பி அசையவில்லை. ஏழு நாள் குடத்தைவிட்டுப் பிரிந்தால் காய்ச்சல் திரும்பி வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்று ஐயா சொல்லியிருக்கிறாராம். தொட்டியில் புழு எண்ணுகிற அக்காவுக்கு இதெல்லாம் தெரியாதாம். அழுகிற நிலையில்தான் அதைச் சொன்னான்.

இருவரும் ஒரே அப்பாவின் கடையில் பேரம் கேட்டு வளர்ந்தவர்கள். பிடிவாதமான வாடிக்கையாளரிடம் வாதாடாதே, அவன் கேட்டதையும் சேர்த்துக் கட்டிக்கொடு என்பார் அப்பா.

"சரிடா. குடத்தையும் தூக்கு."

ஆட்டோவில் மகள் அப்பா மடியில், குடம் அத்தை மடியில். திருப்பத்தில் வெயில் நேராகக் குடத்துக்குள் விழுந்தது. அவள் குனிந்தாள்.

"பாக்காதக்கா."

"முப்பத்தொரு வருஷமா பாக்குறதுதான்டா என் வேலை." எண்ணினாள். நாற்பத்தாறில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் குதித்தது, எண்ணிக்கை தவறிவிட்டது.

தம்பியும் தன்னையறியாமல் எட்டிப் பார்த்தான். "என்னக்கா அது நெளியுது?"

"உங்க ஐயா விழுங்கின காய்ச்சல். குட்டி போட்டிருக்கு."

மருத்துவமனையில் உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள். அரை நாள் தாமதித்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோது, தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தம்பி மகள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்த முதல் நான்கு நாளும் இயக்குநர் தன் பழைய வேலைக்குத் திரும்பினாள். டோக்கன் கிடைத்த நூறு வீடு, டோக்கன் தீர்ந்து திருப்பி அனுப்பப்பட்ட நூறு வீடு. இரண்டிலும் ஒரே இரண்டு கேள்வி. காய்ச்சல் எப்போது இறங்கியது? ஐயாவிடம் போனவர்களுக்கு ஐந்தாம் நாள். போகாதவர்களுக்கும் ஐந்தாம் நாள். பிறகு அந்த வீட்டில் வேறு யாருக்காவது வந்ததா? குடம் இல்லாத வீடுகளில் ஆறு. குடம் வைத்த வீடுகளில் முப்பத்தெட்டு.

எட்டு நாளில் புழு கொசுவாகப் பறந்துவிடும். ஐயா கொடுத்த கெடு நாற்பது நாள். ஒரு குடத்துக்கு ஐந்து ஈடு. காய்ச்சலை விழுங்குகிற கடையே காய்ச்சல் தயாரிக்கிற ஆலை! ஒருவேளை ஐயாவுக்கே அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்திருந்தால் உள்ளூர் உற்பத்தி என்று பலகை மாட்டியிருப்பார்.

ஐந்தாம் நாள் காலை அக்காவும் தம்பியும் வரிசையில் நின்றார்கள். மேடையில் ஐயா உறுமி, துப்பி, நூற்று மூன்று காட்டி முடித்த நொடியில் அக்கா தன் பையிலிருந்து இன்னொரு தெர்மாமீட்டரை எடுத்தாள்.

"ஐயா, கொஞ்சம் கையைத் தூக்குங்க. இதை அக்குள்ல வெச்சுப் பாப்போம்."

ஐயா கையை இறுக்கிக்கொண்டார். "விழுங்கின காய்ச்சல் வாயிலதான் நிக்கும்."

"எங்களுக்கெல்லாம் உடம்பு பூரா நிக்குதுங்களே."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஐயா சீடரைத் தேடினார். சீடர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் தம்பி மேடையேறி, வெள்ளிக் கெண்டியைத் தூக்கி ஒரு வாய் எடுத்துக்கொண்டான். முகம் சுளித்தது. வாயை மூடி ஒரு நிமிஷம் உறுமினான். தரையில் துப்பிவிட்டு, அக்காவின் தெர்மாமீட்டரை வாயில் வைத்து, முன்வரிசைக்காரர் கையில் கொடுத்தான்.

"நூத்தி மூணு" என்று படித்தார் அவர்.

"வெந்நீர்ங்க" என்றான் தம்பி. "உங்க எல்லாரையும் இங்க அனுப்பினவன் நான்தான். என் பொண்ணு இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா."

ஐயா பின்வாசல் வழியாகப் போனார். போகும்போதும் கெண்டியை மறக்கவில்லை, நல்ல தொழில்காரர். தெருமுனையில் அக்கா முன்கூட்டியே சொல்லி நிறுத்தியிருந்த போலீஸ்காரர் வாங்கிக்கொண்டார், கெண்டியையும் ஐயாவையும்.

கூட்டம் கலையவில்லை. கையில் குடத்தோடு ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"அப்ப இந்தக் குடத்தை எந்தத் திசை பார்த்துக் கவுக்கணும்மா?"

முப்பத்தொரு வருஷப் பொறுமையில் மிச்சமிருந்ததையெல்லாம் திரட்டிக்கொண்டு புழுவம்மா சொன்னாள்: "எந்தத் திசையா இருந்தா என்ன? முதல்ல உள்ள பாருங்க. அப்புறம் கவுங்க."

அந்த அம்மாள் பார்த்தாள். அலறினாள். கவிழ்த்தாள்.

உங்கள் கட்டிலுக்கு அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. குனிந்து பார்த்து எத்தனை நாளாயிற்று என்றுதான் கேட்கிறேன்.